பக்கத்து சீட் அதிகாரி

"அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசி."

"காட்டெருமை நடமாடும் இடம், மெதுவா போகவும். போதுமா? ஏன்யா வெண்டல், வேலையிலருந்து ரிட்டையர் ஆயிட்டியா இல்லையா?" ரோவீனா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

பக்கத்து சீட்டில் வெண்டல் அசைந்து கொடுக்கவில்லை. "வேகம் எவ்வளவு?" என்றார்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் முப்பத்தெட்டு வருஷம் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களுக்கு வண்டி ஓட்டும் பரீட்சை வைத்த அதிகாரி அவர். ஊரில் பாதிப் பேரை அழவைத்த புண்ணியவான். ரோவீனாவையே இரண்டு தடவை ஃபெயிலாக்கி, மூன்றாவது தடவை பாஸ் போட்ட கையோடு, "காபி சாப்பிடலாமா?" என்று கேட்டவர். அவர்கள் கல்யாணம் நடந்த கதை அதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் இருந்தால் அவளை ஓட்டவே விடமாட்டார். "ரிட்டையர் ஆகட்டும், பசிபிக் கடல் வரைக்கும் நான் ஓட்டுறேன். நீ ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாரு" என்று இருபது வருஷமாக ஆசை காட்டியிருந்தார்.

ஆசையெல்லாம் கிளம்பிய அன்றே போயிற்று. அடுப்பும் படுக்கையும் வைத்த அந்தப் பெரிய வேனில் அவளை ஓட்ட உட்கார வைத்துவிட்டு, மனிதர் ஜம்மென்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று ஆரம்பித்த பரீட்சை, ஒன்பது நாளாகியும் முடிந்தபாடில்லை. வழியில் ஐயோவா மாநிலத்தில் ஒரு கடை வாசலில் பதினோரு தடவை ரிவர்ஸ் எடுக்க வைத்தார். கடைக்கு வந்தவர்கள் ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு மானமே போயிற்று.

காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. முன்னால் போன வண்டிக்காரர்கள் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

"எத்தனை நிக்குது? எவ்வளவு தூரத்துல?" என்றார் வெண்டல்.

"இருபது இருக்கும். நாப்பது அடி. ஒரு கன்னுக்குட்டி பால் குடிக்குது, அதுக்கும் மார்க் உண்டா?"

வெண்டல் சிரித்துவிட்டார். "கன்னுக்குட்டி என்ன கலரு?"

"செம்மண் கலரு! இதெல்லாம் ஒரு கேள்வியா?"

இருபது வருஷக் கனவு, கடைசியில் இப்படிப் பரீட்சை ஹாலாகவா முடியவேண்டும்? இன்னும் ஒரு கேள்வி கேட்டால், அடுத்த ஊரிலேயே விமானம் ஏறி வீட்டுக்குப் போய்விடுவது என்று ரோவீனா முடிவு கட்டினாள்.

மறுநாள் மத்தியானம் வயோமிங்கில், மலை பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் வேனை ஓரம் கட்டினாள். எதிரே பனி மூடிய மலைகள், கீழே நீல நிறத்தில் ஏரி. அவளுக்குக் கோபமெல்லாம் மறந்து கண் கலங்கியது.

வெண்டல் வேனைப் பிடித்தபடியே சுற்றி வந்தார். "வெள்ளைக் கோட்டுக்குள்ளதானே நிறுத்தியிருக்க?" என்றார்.

அவ்வளவுதான்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? இவ்வளவு பெரிய மலை முன்னாடி நிக்குது, உனக்குக் கோடுதான் முக்கியமா? உன் பரீட்சையும் வேணாம், உன் பயணமும் வேணாம். இந்தா, நீயே ஓட்டிக்கோ!"

அவள் வீசிய சாவி அவர் மார்பில் பட்டு, ஜல்லித் தரையில் விழுந்தது.

வெண்டல் குனிந்தார். மெதுவாக மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் ஜல்லியைத் துழாவினார். சாவி அவருடைய வலது கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"எங்க விழுந்துச்சு, ரோவீனா?" என்றார் தலையை நிமிர்த்தாமல். "கண் டாக்டர் சொன்னதுமே, மார்ச் மாசமே என் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன்... இனிமே நம்ம வீட்டுக்கு உன் லைசென்ஸ் ஒண்ணுதான்."