எச்சில் படாத சமையல்

"ஐயையோ! எச்சில் பண்ணிட்டாளே!"

வீட்டம்மா போட்ட கூச்சலில், கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சமையல்கட்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

உள்ளே அடுப்புக்கு முன்னால் சின்னக்கா நின்றுகொண்டிருந்தாள். சமையல் மாஸ்டருக்கு அவள்தான் கையாள். மாஸ்டருக்கும் இளையவள்தான், ஆனால் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் கரண்டி. இன்னொரு உள்ளங்கையில் குழம்பு. உதட்டோரத்திலும் குழம்பு. கையும் களவுமாக என்பார்களே, அதுதான்.

"என் கண்ணால பார்த்தேன்! சாமிக்கு இன்னும் படைக்கவே இல்லை. அதுக்குள்ள இவ கையில ஊத்தி நக்குறா! அப்படி என்னடி உனக்கு நாக்கு அலையுது?"

சின்னக்கா உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மாசத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டில் பூஜை. அறுபது பேருக்குச் சாப்பாடு. குளிக்காமல் அடுப்பைத் தொடக் கூடாது. படைக்கும்வரை எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சமைக்கிறவர்கூட உப்பு பார்க்கக் கூடாது.

அதற்காகவே இந்த மாஸ்டரைத் தேடிப் பிடித்திருந்தார் வீட்டம்மா. கொதி வரும்போது எழும் வாசனையை வைத்தே உப்பு சரியா, கம்மியா என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். அந்தப் பேருக்காகத்தான் இன்னும் நாலு வீட்டிலும் அவரையே கூப்பிடுகிறார்கள்.

கொல்லையில் விறகை அடுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"மாஸ்டர், இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?"

சின்னக்கா அவரை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ அம்மா! தெரிஞ்சா விடுவேனா?" மாஸ்டரின் குரல் மற்ற எல்லோர் குரலையும்விட ஓங்கி இருந்தது. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? சாமிக்கு வைக்கிறதுல வாய் வைக்கலாமா? பசின்னா என்கிட்ட கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"தப்புதாண்ணே."

"தப்புதாண்ணேயாம்!" வீட்டம்மாவுக்கு ஆறவில்லை. "மாஸ்டர், இவ இனிமே உங்ககூட எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. வந்தான்னு தெரிஞ்சா நாலு வீட்டுக்கும் நானே போன் போட்டுச் சொல்லிடுவேன். அப்புறம் உங்க பேரு நாறிப்போகும், பார்த்துக்கோங்க!"

சின்னக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அது மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், "சரிங்கம்மா" என்று தலையை ஆட்டிவிட்டார்.

அண்டா நிறைய இருந்த குழம்பைக் கொல்லையில் கொட்டினார்கள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதற்கு அறுபது பேர் குழம்பைக் கொட்டுவார்களா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்டாவை அவளையே மூன்று தடவை தேய்க்க வைத்தார்கள். அதற்கு மேல் வீட்டம்மா மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்தார்.

பூஜைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மாஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குழம்பு கொதி வரும் நேரத்தில் சின்னக்கா பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகக் கிளம்பினாள். மாஸ்டர் பின்னாலேயே போனார். அவளை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சின்னக்கா... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இப்பவே உள்ள போயி..."

"போயி என்ன பண்ணப் போறீங்க? சும்மா இருங்கண்ணே. எனக்குப் போனது போகட்டும். உங்க பொழைப்பையும் கெடுத்துக்காதீங்க."

யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப வச்சிருக்கீங்களே குழம்பு, அதுல நீங்க உப்பே போடலை. பின்கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மூணு கை போடுங்க. அதுக்கு மேல வேண்டாம்."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மாஸ்டர் உள்ளே வந்து மூன்று கை உப்பு போட்டார்.

பூஜை முடிந்தது. படைத்தார்கள். பந்தி போட்டார்கள். முதல் வாயிலேயே வீட்டம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! பார்த்தீங்களா? எச்சில் படாத சமையலுக்கு ருசியே தனி! வாயில வைக்காமலே உப்பு எவ்வளவு கச்சிதம்!"

"பின்னே? மாஸ்டர் கையாச்சே!" என்றார் பக்கத்து இலைக்காரர்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நீங்களும் உக்காருங்க மாஸ்டர். காலையிலேர்ந்து ரெண்டு தடவை சமைச்சிருக்கீங்க, பாவம்!"

மறுத்துப் பார்த்தார். விடவில்லை. உட்கார வைத்துப் பரிமாறினார்கள். எல்லோரும் பார்க்க ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க, உங்க சமையல் உங்களுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்கம்மா."

நல்லா இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எங்கே தெரியும்? போன வருஷம் வந்த காய்ச்சலில் அவருக்கு மூக்கும் போச்சு, நாக்கும் மரத்துப்போச்சு. "யாருக்கும் தெரியாம நீ கொஞ்சம் உப்பு பார்த்துச் சொல்லும்மா" என்று சின்னக்காவிடம் கெஞ்சியதே அவர்தான். பதினாலு மாசமாக அந்த வீட்டுச் சாமிக்குப் படைத்ததெல்லாம் அவள் நாக்கில் பட்ட குழம்புதான்.