பாய் கொடுக்காத கழுத்து

"இன்னிக்குக் கழுத்தை வாங்காம இந்த எடத்தை வுட்டு நகர மாட்டேன், பாய்."

தனம் சாக்ஸபோன் பெட்டியை, வாத்தியம் பழுது பார்க்கிற நசீருதீனின் கடைப் படியில் சத்தம் வரும்படி வைத்தாள். பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

சாக்ஸபோனின் உச்சியில் வளைந்து நிற்கிற சின்னக் குழாய்க்குத்தான் கழுத்து என்று பேர். அதன் முனையில்தான் வாய் வைத்து ஊத வேண்டும். கல்யாண பேண்டில் வாசிக்கிற அவள் புருஷன் இராமலிங்கம், அது ஆடுகிறது, காற்று ஒழுகுகிறது என்று நசீருதீனிடம் கொடுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. எப்போது போய்க் கேட்டாலும் 'நாளைக்கு' என்கிறார். வெள்ளைக்காரன் காலத்து வாத்தியம் அது. வேறு எந்தக் கழுத்தும் அதில் உட்காராது.

"வேலை முடியலம்மா," என்றார் நசீருதீன், தலை நிமிராமல்.

"ஒரு சாண் கொழாய்க்கு அஞ்சு வாரமா?"

"பழைய பித்தளை. நிதானமாத்தான் பாக்கணும்."

"நீங்க நிதானமா பாருங்க. வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்ல கல்யாணம். அதுக்கும் வரலைன்னா வேற ஆளுன்னு பேண்டு மாஸ்டர் செழியன் சொல்லிட்டாரு. எஸ்.டி.டி. பூத்துல நின்னு வேலூருக்குப் போனும் போட்டுட்டாரு. வேற ஆள் வந்துட்டா இவருக்கு அப்பறம் எடம் ஏது?"

நசீருதீன் அரத்தை எடுத்து வேறொரு குழாயைத் தேய்க்க ஆரம்பித்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"வேலையில்லாம வூட்ல குந்திக்கினு என்னா பண்றாரு தெரியுமா? வெத்தலை போட்டுப் போட்டுத் துண்டுல தொடைக்கறாரு. ரெண்டு மாசமா புதுப் பழக்கம். அந்தக் கறையைத் தொவைச்சே என் கை தேஞ்சுபோச்சு."

நசீருதீனின் கையிலிருந்த அரம் சற்று நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"நல்லா கேளும்மா," என்றார் டீக்கடைச் சடையன். "பாய் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல."

அப்போதுதான் தனம் பார்த்தாள். நசீருதீனின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆணியில், முனையில் புதுத் தக்கை சுற்றி, பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது அந்தக் கழுத்து. அடிப்பக்கம் இராமலிங்கம் கீறி வைத்த 'இரா' கூடத் தெரிந்தது.

எட்டி எடுத்துவிட்டாள்.

"இது என்னாது பாய்? போட்டுக் காட்டுங்க."

அவர் மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, கழுத்தை வாங்கி, மெதுவாகத் திருகி உட்காரவைத்தார். பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மறுபடி கழற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறுமுனையில் பீடிப் புகையை ஊதினார். எங்கேயும் ஒரு நூல் புகை கசியவில்லை.

"கரி பூசித் திருகிப் பாப்பேன். எங்க தேயுதோ அங்க மட்டும் அரம் வைப்பேன். ஒரு மயிரிழை ஜாஸ்தியானா ஆடும், கம்மியானா ஏறாது," என்றார். "இது மொத வாரத்துலயே முடிஞ்சிருச்சி."

"மொத வாரத்துலயேவா?" தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சே எங்க வயித்துல அடிச்சிருக்கீங்க. நாங்க உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணோம்?"

கழுத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

சடையன் பால் ஊற்றத் திரும்பினார். நசீருதீன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் பிரித்தார். குரல் தாழ்ந்தது.

"கழுத்துக்குள்ள வுட்டுத் தொடைச்ச துணி. அவரு கொண்டாந்த அன்னிக்கே எடுத்தது."

வெள்ளைத் துணியில் செம்பழுப்பாய் ஒரு கறை காய்ந்து கிடந்தது. அந்தக் கறையை அவளுக்குத் தெரியும்.

"வெத்தலை," என்றாள்.

"பித்தளைக் களிம்புன்னா பச்சையா வரும். வெத்தலைன்னா சக்கை வரும். முப்பது வருஷமா பாக்கறேன், வெத்தலையை மென்னுக்கினு யாரும் இதை ஊதறதில்லம்மா."

தனம் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அவரைக் கேட்டேன். வூட்ல சொல்லாத, தெரிஞ்சா பேண்டுலயும் பக்கத்துல யாரும் நிக்கமாட்டாங்க, இந்த முகூர்த்தமெல்லாம் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கையைப் புடிச்சிக்கினாரு. சரின்னுட்டேன். ஆனா மறுபடி ஊதுன்னு இதை எடுத்துக் குடுக்க மனசு வரல. இது வந்தா ஊதுவாரு. ஊதினா முகூர்த்தம் முடியற வரைக்கும் தாங்க மாட்டாரு."

துவைகல்லில் துண்டை அடித்து அடித்து அவள் திட்டியதெல்லாம் தனத்துக்கு நினைவு வந்தது. அப்போதெல்லாம் இராமலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமலை அடக்கியபடி நின்றிருந்தார்.

"பெரியாஸ்பத்திரியில ஆறு மாசம் மாத்திரை குடுக்கறாங்களாம். நாளைக்கே கூட்டிப் போங்க," என்றார் நசீருதீன். "அப்பறம் உங்க இஷ்டம். கழுத்து உங்க கையில இருக்கு."

கழுத்து கனமே இல்லை. வெள்ளிக்கிழமைக் கல்யாணமும் பேண்டில் அவர் இடமும் அதில்தான் இருந்தன.

"என்னம்மா, கெடைச்சுதா?" என்றார் சடையன், டீ ஆற்றிக்கொண்டே.

தனம் துணியைக் கழுத்தின் மேலேயே சுற்றினாள். இழுப்பறைக்குள் வைத்து, தானே மூடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"எங்கண்ணே கெடைச்சுது? வேலை தெரியாத இந்த மனுஷன் இப்ப திருகிக் காட்டறப்ப அதை ஒடைச்சே போட்டுட்டாரு. சரி பண்ண இன்னும் ஆறு மாசம் ஆவுமாம்."

நசீருதீன், குற்றம் செய்தவர் மாதிரி, எல்லாரும் பார்க்கத் தலையைக் குனிந்துகொண்டார்.