ஐஸ் பெட்டிக்குப் பாதி விலை

சவரிநாதனின் உடலை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன், அதை வண்டியிலிருந்து இறக்காமலே நின்றான்.

"ஃபுட்பால் சீசன் டிக்கெட் வச்சிருக்கவங்களுக்குப் பாதி விலைதான்கா. பெட்டி, பந்தல், வண்டி எல்லாத்துக்கும். ஆனா இன்னைக்கு மேட்ச் இருக்கே. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது போகலன்னா டிக்கெட் கேன்சல்."

"ஆளே கேன்சல் ஆயிட்டாரு தம்பி," என்றாள் அவர் மனைவி பிலோமினா.

"அதுக்குத்தான் சொல்றேன், நீங்க போங்க. சும்மா உக்காந்தா கணக்குல வராது, கத்தணும்."

டிக்கெட் இல்லாதவர்களுக்கு வியாசர்பாடியில் அரிசி முதல் மாத்திரை வரை இரட்டை விலை. அந்த விலைக்கு அவளால் ஒருவரைப் புதைக்க முடியாது. உடலருகே நாத்தனாரை உட்காரவைத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார். "எங்கம்மா சவரி? மொத ஆளா வந்துருவானே."

"வீட்ல படுத்திருக்காருண்ணே."

"நல்ல நாள் பாத்துப் படுத்தான் போ."

இருக்கையின் கைப்பிடியில், கத்துவதைக் கணக்கெடுக்கும் விளக்கு சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குக் குரலே எழும்பவில்லை. இரண்டாம் பாதியில் ஊர் அணி கோல் போட்டது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். இந்த இரைச்சலில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று தோன்றியதும், காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை வெடித்துக் கிளம்பியது. மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். விளக்கு பச்சையானது.

பெரிய திரையில் அவள் முகம் வந்தது. கூட்டம் கைதட்டியது.

"இன்றைய சிறந்த ரசிகை!" என்றது ஒலிபெருக்கி. "அடுத்த சீசன் இவருக்கும் இவருடைய கணவருக்கும் இலவசம்."