மேட்டில் ஏறும் ஓடை

ஒருத்தியாவது கேட்டுவிடமாட்டாளா, இந்தத் தண்ணீர் எப்படி மேட்டில் ஏறுகிறது என்று? மாலை வெயில் சாய்ந்து விழும் கணினி அறையில், நில வரைபடப் பயிற்சி ஆசிரியை வரிசைகளுக்கிடையே மெல்ல நடக்கிறாள். இருபது திரைகளிலும், அவள் வேண்டுமென்றே பிழையாகக் கொடுத்த நீல ஓடை குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. மவுஸ்களின் சத்தம் தூறலைப்போல் ஓயாமல் கேட்கிறது. "மிஸ், நீலத்தை இன்னும் கொஞ்சம் தூக்கலா வைக்கட்டா?" என்கிறாள் ஒரு மாணவி. ஆசிரியையின் விரல் திரையில் அந்தக் குன்றைத் தொட்டு, மாணவியின் முகம் மாறக் காத்திருந்து, மெதுவாக விலகுகிறது. உள்ளே வந்த துறைத்தலைவர் தேர்ச்சிப் பட்டியலை நீட்டுகிறார். "பிள்ளைங்களுக்கு எல்லா பட்டனும் தெரியுதுல்ல? கையெழுத்தைப் போடும்மா. ஓடை எங்க ஏறினா உனக்கென்ன, குடத்தோடயா வந்திருக்க?" "இவங்க படத்துல காட்டுற இடத்துலதான் சார் நாளைக்கு ஜனங்க வீடு கட்டுவாங்க." பட்டியலை வாங்கிக்கொள்ளாமலே அவள் அடுத்த திரையருகே குனிகிறாள்.