மறைவு இல்லாத தேதி

"நாளைக்கு வர்ற 'வரலாற்றில் இன்று' பகுதியில பிறப்பு மட்டும் எட்டு இருக்கு. மறைவு ஒண்ணுகூட இல்லையே?" பக்கத்தை நீட்டினார் ஆசிரியர்.

"கிடைக்கல சார்," என்றார் உதவி ஆசிரியர்.

"உலகத்துல இந்தத் தேதியில ஒருத்தர்கூடவா சாகல? போன வருஷமும் இதே கதைதான் விட்டீங்க!"

"அச்சுக்கு நேரமாச்சு சார். இந்த ஒரு நாள் விட்டுடுங்க."

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, உதவி ஆசிரியரின் மனைவி பேப்பரைப் பிரித்ததும் நேராக அந்தப் பகுதிக்குத்தான் போனாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? இந்தத் தேதியில யாருமே செத்ததில்ல. நம்ம பொண்ணு மட்டும் பிறந்தநாளும் அதுவுமா எப்படிச் சாவா? ஆஸ்பத்திரியில வேற யாரையோ காட்டி உங்களை ஏமாத்திட்டாங்க."

மகள் இறந்த பிறகு வந்த முதல் வருஷம், அன்று ஒரு நாளாவது மனைவி அழாமல் இருக்கட்டும் என்றுதான் அவர் மறைவுகளை நீக்கினார். இப்போது திரும்பப் போட வழியில்லை.

"சும்மா உக்காந்திருக்காதீங்க. அவ வர்றதுக்குள்ள கேக் வாங்கிட்டு வாங்க," என்றாள். "மெழுகுவத்தி போன வருஷத்தைவிட ஒண்ணு கூட."