காலியாக இருந்த கட்டம்

திருவாரூர் விவசாயிகள் சங்க அலுவலகத்தின் தகரக் கூரையில் மழை இன்னும் விடவில்லை. கணினித் திரையின் வெளிச்சம் குத்தகைக்கு உழும் அம்சம் என்ற பெண்ணின் ஈர முகத்தில் விழுகிறது. அவள் கையில் முளைவிட்டுப்போன நெற்கதிர். இதுவரை நிலத்துக்காரருக்கே போன மழைச்சேத நிவாரணத்தை இனி உழுகிறவருக்கே தருவதென்று சங்கம் காலையில்தான் முடிவெடுத்திருக்கிறது. நிவாரணப் பதிவு மென்பொருளை அடியோடு பிரித்துக் கட்டவேண்டி வருமே என்ற பயத்தோடு அதைத் திறந்த, சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் இளஞ்செழியன், விரல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். 'நில உரிமையாளர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'சாகுபடிதாரர்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. "இது எதுக்கும்மா, எடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தபோதும், இதை வடிவமைத்த நாகூர் ஜொகரா அந்தக் கட்டத்தை எடுக்கவில்லை. இத்தனை வருஷமும் அது காலியாகவே கிடந்திருக்கிறது. அவன் அம்சத்தின் பெயரை அடிக்கிறான். பழைய பதிவு ஒன்றுகூடக் கலையாமல் பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. துபாயிலிருக்கும் ஜொகராவைப் போனில் அழைக்கிறான். "அக்கா, நீங்க விட்டுவச்ச கட்டத்துல பேரு ஏறிடுச்சுக்கா." "யாரு பேரு?" அவன் போனை நீட்டுகிறான். அம்சம் கதிரை மேசைமேல் வைக்கிறாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குகிறாள். "சாகுபடிதாரர் அம்சம் பேசுறேம்மா."