தோலுக்கு ஓர் அளவு

தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கி வீட்டுக்கு வீடு கொடுத்தது ஒரே ஒரு கம்பெனிதான். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டத் தொடங்கியதிலிருந்து ஜெசிலினின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. பலமுறை புகார் எழுதியும் பதில் வராததால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீர்த்தர ஆணையத்துக்கே போனாள்.

அதிகாரியைப் பார்த்ததும் திகைத்தாள். "சார், போன வருசம் எங்க தெருவுக்குக் குழாய் போட வந்த கம்பெனி இன்ஜினீயர் நீங்கதான?"

"ஆமாம்மா. கம்பெனிதான் இப்ப என்னை ஆணையத்துக்கு அனுப்பியிருக்கு. ரெண்டு வருசம் முடிஞ்சா திரும்பிப் போயிருவேன்." அதை அவர் ஒளிக்கவே இல்லை.

"பிள்ளையப் பாருங்க சார்."

பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனா தண்ணியில தப்பில்லம்மா. தண்ணியச் சுத்தம் பண்ற மருந்து எவ்வளவு கலக்கலாம்ங்கிற அளவைப் போன வாரம்தான் உசத்தினோம். தண்ணி அதுக்குள்ளதான் இருக்கு. உங்க பிள்ளை தோல்தான் அளவுக்கு ஒத்து வரல."

"தோலுக்கு எவன் சார் அளவு வச்சான்?" என்று அவள் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது.

வீட்டுக்கு வருவதற்குள் செல்போனில் உத்தரவு வந்துவிட்டது. குழந்தையின் பாதுகாப்பு கருதி இந்த வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படுகிறதாம். குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

ஆத்திரம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே ரெபேக்காளின் மகளுக்கும் அதே தடிப்பு. சாட்சி சொல்ல வருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஜெசிலின் வீட்டுக்குத் தண்ணீர் நின்ற சேதி அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. இப்போது அந்த உச்சிவெயிலில் மகளுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள், கழுத்துப் பொத்தானையும் போட்டபடி.